எனக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது: பிரெஞ்சில் முதல் பாடம்

(தொம்மலூரில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மற்ற நகரங்களில் உள்ள உறுப்பினர்களுக்கும் உபயோகமாக இருக்கும் என்று நண்பர்கள் விரும்பியதால் இங்கே தரப்படுகிறது.)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் "இந்த வயதில் நமக்கு பிரெஞ்சு எதற்கு?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குப் போக வேண்டும்.

பிள்ளையோ பெண்ணோ பிரெஞ்சு பேசும் ஊரில் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சற்று முன் கேட்டேன். ஏழு கைகள் உயர்ந்தன. மான்ட்ரியல் மூன்று, பாரிஸ் இரண்டு, துலூஸ் ஒன்று, ஜெனிவா ஒன்று. இதில் ஆச்சரியமில்லை. துலூஸ் விமானத் தொழிலுக்குப் பேர் போன ஊர். 1940-ல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து நம் பெங்களூரும் அப்படித்தான். இங்கிருந்து அங்கே பொறியாளர்கள் போவது இயல்பு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1977-ல் வந்த பிரெஞ்சு மொழிச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் குழந்தைகள், சில விதிவிலக்குகள் தவிர, பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். ஆகவே மான்ட்ரியலில் வளரும் நம் பேரன் பேத்திகளுக்குப் பள்ளி, விளையாட்டு, சிநேகிதம், சண்டை எல்லாமே பிரெஞ்சில்தான்.

அங்கே போகும் தாத்தா பாட்டிகளின் நிலையை யோசியுங்கள். பேத்தியின் சிநேகிதி வீட்டுக்கு வருகிறாள். மாட்டுப்பெண்ணின் அம்மா பிரெஞ்சுக்காரராகவே இருக்கலாம். இப்போது அதுவும் உண்டு. எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இது பிடிக்கும், அது பிடிக்காது என்று பேசிச் சிரிக்கிறார்கள். நம்மவர் ஓரமாக உட்கார்ந்து புன்னகை செய்கிறார். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று பிள்ளை தமிழில் கேட்டால், "எதுவானாலும் சரிடா" என்கிறார். ஆறு மாதம் தங்கியிருந்துவிட்டு, மரியாதைக்குரிய ஒரு விருந்தாளியாகவே ஊர் திரும்புகிறார். இவருக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

ஒரு மனிதரை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? "அப்பாவுக்குக் காபி கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும்", "அத்தைக்குப் புடலங்காய் ஆகவே ஆகாது" என்றுதான். அவர்களுடைய பதவியும் சம்பளமும் மறந்து போகின்றன. விருப்பு வெறுப்புகள் மறப்பதில்லை. அதனால்தான் எந்த பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தை எடுத்தாலும், பேர், ஊர் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் அடுத்தபடியாக விருப்பு வெறுப்பைச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

மொழிகள் தொம்மலூர்க்காரர்களான நமக்குப் புதிதல்ல. இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன; கன்னட நாட்டின் நடுவே எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கல்லில் நிற்கிறது. வீட்டில் தமிழ், காய்கறி வண்டியில் கன்னடம், பாங்கில் இங்கிலீஷ், அடுக்ககத்து செக்யூரிட்டியோடு ஹிந்தி என்று தினமும் நான்கு மொழிகளில் புழங்குகிறோம். ஐந்தாவதில் பத்து வாக்கியம் கற்பது பெரிய காரியமல்ல.

உச்சரிப்பு: ஒரு சின்னக் குறிப்பு

பிரெஞ்சில் "நான்" என்பதற்கு "ழ" என்று சொல்ல வேண்டும். இது நம் தமிழ் ழகரம் அல்ல. இங்கிலீஷில் "பிளெஷர்", "மெஷர்" என்று சொல்லும்போது நடுவில் வரும் ஒலி. அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால், பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் ழகரத்தையே போட்டு எழுதுகிறார்கள். "ழாக்" என்று பெயர்களை அச்சில் பார்த்திருப்பீர்கள். நானும் அதே வழக்கத்தைக் கையாள்கிறேன்.

இன்னொன்று, "நீ" என்பதற்கான சொல். உதட்டைக் குவித்து "ஊ" சொல்வது போல் வைத்துக்கொண்டு, உள்ளே "ஈ" என்று சொல்லுங்கள். அந்த ஒலியோடு "த" சேர்ந்தால் அதுதான் "நீ". இதை நான் "த்யூ" என்று எழுதுகிறேன். கண்ணாடி முன் நின்று பழகினால் இரண்டு நாளில் வந்துவிடும். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

முதல் வாக்கியம்

"ழெம்" என்றால் "நான் விரும்புகிறேன்". அதன் பின் பிடித்த பொருளைச் சொன்னால் வாக்கியம் முடிந்தது.

ழெம் ல கஃபே: எனக்குக் காபி பிடிக்கும்.
ழெம் லா மியூஸிக்: எனக்கு சங்கீதம் பிடிக்கும்.
ழெம் லே மாங்க்: எனக்கு மாம்பழங்கள் பிடிக்கும்.

நடுவில் வரும் ல, லா, லே என்ன? பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். காபி ஆண், சங்கீதம் பெண். ஆணுக்கு "ல", பெண்ணுக்கு "லா", பன்மைக்கு இரண்டுக்கும் "லே". எது ஆண், எது பெண் என்பதற்குப் பெரும்பாலும் காரணம் கிடையாது. சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். ஹிந்தி படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை பழகியதே.

"மாங்க்" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? நம் மாங்காய்தான் போர்ச்சுகீசியர் வழியாக பிரெஞ்சுக்குப் போயிருக்கிறது. வெட்டிவேரை அவர்கள் "வேத்திவேர்" என்கிறார்கள். வாசனைத் திரவியம் செய்பவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. கறி "காரி" ஆகியிருக்கிறது. கட்டுமரம் "கத்தமரான்" ஆகியிருக்கிறது. "ழெம் ல வேத்திவேர்" என்று நீங்கள் சொன்னால் அதில் ஒரு பகுதி பச்சைத் தமிழ்.

செயலையும் இப்படியே சொல்லலாம். அங்கே ல, லா எதுவும் வேண்டாம். ழெம் மார்ஷே என்றால் நடப்பது பிடிக்கும். ழெம் லீர் என்றால் படிப்பது பிடிக்கும். ழெம் ஷாந்த்தே என்றால் பாடுவது பிடிக்கும்.

பிடிக்காது என்பது

மறுப்புக்கு வினைச்சொல்லின் முன்னும் பின்னும் இரண்டு துண்டுகள் வரும். முன்னால் "ந", பின்னால் "பா".

ழ நெம் பா ல கஃபே: எனக்குக் காபி பிடிக்காது.

இந்த "பா" என்பதற்கு மூலப் பொருள் காலடி. "ஓரடிகூட நடக்கமாட்டேன்" என்ற பிரயோகத்தில் தொடங்கி, நாளடைவில் எல்லா மறுப்புக்கும் பொதுவாகிவிட்டது. நாம் "துளிகூட", "இம்மியும்" என்று சொல்வது போலத்தான். வேடிக்கை என்னவென்றால், அசல் மறுப்புச் சொல்லான "ந" இப்போது பேச்சில் தேய்ந்துவிட்டது. குழந்தைகள் வீட்டில் "ழெம் பா" என்றுதான் சொல்லும். பேத்தி இலக்கணப் பிழையாகப் பேசுகிறாள் என்று திருத்தப் போகாதீர்கள். எழுதும்போது "ந" வேண்டும். பேச்சில் "பா" காதில் விழுந்தால் "பிடிக்கவில்லை" என்று அர்த்தம்.

ஒரு தெர்மாமீட்டர்

நான் ரசாயனம் படித்தவன். எதையும் அளவுகோலில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். விருப்பு வெறுப்பைப் பூஜ்யத்துக்கு மேல் மூன்று டிகிரி, கீழே மூன்று டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே 3: ழாதோர் (உயிர்!)
மேலே 2: ழெம் போக்கூ (ரொம்பப் பிடிக்கும்)
மேலே 1: ழெம் பியாங் (பிடிக்கும், நன்றாக இருக்கும்)
பூஜ்யம்: ஸா மே தேகால் (எனக்கு எல்லாம் ஒன்றுதான்)
கீழே 1: ழ நெம் பா த்ரோ (அவ்வளவாகப் பிடிக்காது)
கீழே 2: ழ நெம் பா த்யூ தூ (கொஞ்சமும் பிடிக்காது)
கீழே 3: ழ தேத்தெஸ்த் (அறவே வெறுக்கிறேன்)

இதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஒருவர் சமைத்துப் போட்டதைப் பற்றி அவர் எதிரிலேயே பேசும்போது கீழே ஒன்றுக்கு மேல் இறங்காதீர்கள். சம்பந்தி வீட்டில் இங்கே என்ன மரியாதையோ அதே மரியாதை அங்கும்.

இரண்டாவது, "பியாங்" என்ற சொல். அதற்கு "நன்றாக" என்று பொருள். நன்றாக என்று சேர்த்தால் விருப்பம் கூட வேண்டும்தானே? பிரெஞ்சில், முக்கியமாக மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது, அது குறைகிறது. "ழ தெம்" என்றால் "உன்னை நேசிக்கிறேன்" என்ற முழு அர்த்தம். "ழ தெம் பியாங்" என்றால் "உன்னை எனக்குப் பிடிக்கும், நல்ல சிநேகம்" என்ற அளவுதான். பேரக் குழந்தையிடம் முதலாவதைச் சொல்லுங்கள். நம் வழக்கத்தில் பிரியத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை; "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு சரி. அங்கே வளரும் குழந்தைக்கு அந்தக் கேள்வியின் உள்ளர்த்தம் புரியாமல் போகலாம்.

பூஜ்யத்தில் இருக்கும் வாக்கியத்தையும் பாருங்கள். "ஸா மே தேகால்." நம் பெரியவர்களின் "எதுவானாலும் சரி" என்பதற்கு நேரான வாக்கியம். நாம் அதைப் பணிவாகச் சொல்கிறோம். பிரெஞ்சில் அதே வாக்கியம், சொல்லும் தொனியைப் பொறுத்து, "எனக்கென்ன வந்தது" என்ற அலட்சியமாகக் கேட்கும். எதிரில் இருப்பவர் ஆசையாகக் கேட்டிருக்கிறார். நாம் கதவைச் சாத்திவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உபயோகிக்க வேண்டாம்.

இனம் வேறு, அளவு வேறு

ஆரம்பத்தில் படிப்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. "ழெம் ல கஃபே" என்றால் காபி என்ற பொருளையே பிடிக்கும். ஆனால் கொஞ்சம் காபி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல, "ல" போய் "த்யூ" வரும்: "ழ ப்ரான் த்யூ கஃபே".

ரசாயனத்தில் "சோடியம் தண்ணீரோடு வினைபுரியும்" என்பது சோடியம் என்ற தனிமத்தைப் பற்றிய பொது வாக்கியம். "இரண்டு கிராம் சோடியம் எடுத்துக்கொள்" என்பது மேஜை மேல் இருக்கும் துண்டைப் பற்றியது. பிடிக்கும், பிடிக்காது என்பதெல்லாம் முதல் வகை. அதனால் ல, லா, லே மறுப்பிலும் மாறாது. சாப்பிடுவது, குடிப்பது, எடுத்துக்கொள்வதெல்லாம் இரண்டாம் வகை. அங்கே மறுத்தால் எல்லாம் சுருங்கி "த" என்று ஆகும். "தயவு" என்பதில் வரும் மெல்லிய த.

ழ நெம் பா லா வியாந்த்: எனக்கு மாமிசம் பிடிக்காது.
ழ ந மான்ழ் பா த வியாந்த்: நான் மாமிசம் சாப்பிடுவதில்லை.

பிடிக்காது, சாப்பிடமாட்டேன், போதும்

இந்த இரண்டு வாக்கியங்களின் வித்தியாசம் நமக்கு மிக முக்கியம். சைவ உணவுக்காரரான நீங்கள் "எனக்கு மாமிசம் பிடிக்காது" என்று சொன்னால், அது நாக்கின் ருசியைப் பற்றிய செய்தி மட்டும்தான். "இதில் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கிறது, ருசித்துப் பாருங்கள்" என்று அன்போடு உபசரிப்பார்கள். "சாப்பிடுவதில்லை" என்றால் அது கட்டுப்பாடு. யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

"ழ ஸ்வி வேழேத்தாரியாங்" என்றால் நான் சைவ உணவுக்காரன். பெண்கள் கடைசியில் "வேழேத்தாரியென்" என்று சொல்ல வேண்டும். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். முட்டை அதில் சேராது என்று அவர்களாக நினைத்துக்கொள்ள மாட்டார்கள். சிலர் மீனைக்கூடக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆகவே பட்டியல் போட்டுச் சொல்வதுதான் க்ஷேமம்: மாமிசம் "வியாந்த்", மீன் "ப்வாஸோன்", முட்டை "எஃப்". வெங்காயம் "ஓஞோன்", பூண்டு "ஆய்". ஓஞோனின் ஞகரம் நம் "ஞாயிறு" போலவே வரும். இங்கிலீஷ்காரர்களைவிட நமக்கு அது சுலபம்.

மீனைச் சொல்லும்போது ஸகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இழைத்து, "ஜூ" என்பதில் வரும் ஜகரத்தைப் போலச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு விஷம் என்று அர்த்தம். நம்மில் பலருக்கு இரண்டுமே வேண்டாதவை என்பதால், பிசகினாலும் பாதகமில்லை!

மூன்றாவது, "போதும்". பிரெஞ்சில் "மெர்ஸி" என்றால் நன்றி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாராவது ஒன்றை நீட்டி "வேண்டுமா?" என்று கேட்கும்போது வெறும் "மெர்ஸி" என்று சொன்னால், பெரும்பாலும் "வேண்டாம், நன்றி" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நமக்குத் தெரிந்த ஒரு மாமி, ஆசையாகக் காத்திருந்த ஆப்பிள் கேக் வந்ததும் மலர்ந்த முகத்தோடு "மெர்ஸி" என்றார். தட்டு அப்படியே அடுத்தவரிடம் போய்விட்டது. வேண்டும் என்றால் "வீ, அவெக் ப்லேஸீர்" என்று சொல்லுங்கள்: ஆம், சந்தோஷமாக. வேண்டாம் என்றால் "நோன், மெர்ஸி".

நம் இலக்கணத்தை அவர்களிடமும் பார்க்கலாம்

தமிழில் "நான் காபியைப் பிடிக்கிறேன்" என்று சொன்னால் டம்ளரைக் கையில் பிடித்ததாக ஆகிவிடும். "எனக்குப் பிடிக்கும்" என்கிறோம். நான்காம் வேற்றுமை. விருப்பம் என்பது நாம் செய்யும் காரியமல்ல, நமக்கு நேர்வது என்பது போன்ற அமைப்பு. கன்னடத்தில் "நனகெ இஷ்ட", ஹிந்தியில் "முஜே பஸந்த் ஹை". எல்லாம் இதே அச்சு. இங்கிலீஷிலும் பழைய காலத்தில் "லைக்" என்ற சொல் "எனக்கு அது உவப்பாயிருக்கிறது" என்ற முறையில்தான் வழங்கியது. பிறகுதான் "ஐ லைக்" என்று திரும்பிற்று.

பிரெஞ்சின் "ழெம்" இன்றைய இங்கிலீஷைப் போல. நான் என்பவர் எழுவாய். ஆனால் நம் அச்சிலும் ஒரு வாக்கியம் அவர்களிடம் உண்டு. "ஸா ம ப்லே." ஸா என்றால் இது, ம என்றால் எனக்கு, ப்லே என்றால் பிடிக்கிறது. "இது எனக்குப் பிடிக்கிறது." சொல்லுக்குச் சொல் தமிழ்! யாராவது புடவையோ படமோ காட்டி அபிப்பிராயம் கேட்டால் "ஸா ம ப்லே" என்று சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் "ஸா ந ம ப்லே பா".

இந்த "ப்லே" நமக்கு ஏற்கெனவே அறிமுகமானதுதான். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளின் இங்கிலீஷ் பக்கத்தில், கீழே ஓரத்தில், ஆர்.எஸ்.வி.பி. என்று தலைமுறை தலைமுறையாக அச்சிட்டு வந்திருக்கிறோம். அந்த நான்கு எழுத்தும் பிரெஞ்சு. "ரேபோந்தே ஸில் வூ ப்லே": பதில் தாருங்கள், தயவு செய்து. இந்த "தயவு செய்து" என்பதைப் பிரித்தால், ஸில் என்பது "இது ஆனால்", வூ என்பது "உங்களுக்கு", ப்லே என்பது "பிடிக்கும்". "உங்களுக்குப் பிடித்தமானால்." ஆக, பிரெஞ்சுக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாலும், எதிரில் இருப்பவரின் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டுதான் கேட்கிறார்.

புதுச்சேரியில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இதெல்லாம் பழைய சங்கதி. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதற்குப் பிறகும் தெருப் பலகைகளிலும் சில வீடுகளிலும் பிரெஞ்சு நின்றுவிட்டது. அதற்கு இருநூறு ஆண்டு முன்பே, துப்ளெக்ஸ் துரையிடம் தலைமை துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) இரு மொழிக்கும் நடுவில் நின்று, அன்றாடம் நடந்ததைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். துபாஷ் என்றாலே இரண்டு மொழி அறிந்தவர். இன்று நம் பேரக் குழந்தைகள்தான் நமக்குத் துபாஷ்.

"இலெம்" அல்ல, "ழெம்"

இப்போது சொல்லப் போவதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

நாங்கள் சிலர் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்து இந்தப் பாடங்களைப் பயிற்சி செய்கிறோம். முதல் நாள், ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்து, பிடித்தவை மூன்று, பிடிக்காதவை மூன்று என்று முதலில் தமிழிலேயே எழுதச் சொன்னேன். ஆண்கள் இரண்டு நிமிஷத்தில் எழுதி நீட்டிவிட்டார்கள். பெண்களில் பலர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தபடியே இருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மாமி எழுதியதை வாங்கிப் பார்த்தேன். "வத்தக்குழம்பு. பஜ்ஜி. பாகற்காய் பிட்லை" என்று இருந்தது.

"மாமி, இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"அவருக்குப் பிடிக்கும். பஜ்ஜி பெரியவனுக்கு" என்றார்.

"உங்களுக்கு?"

"நேக்கா? அப்படித் தனியா ஒண்ணும் இல்லையே. எல்லாருக்கும் எது பிடிக்கறதோ அதான் பண்ணுவேன்."

பிரெஞ்சில் "அவருக்குப் பிடிக்கும்" என்பதற்கு "இலெம்"; "எனக்குப் பிடிக்கும்" என்பதற்கு "ழெம்". அந்த மாமி ஐம்பது வருஷமாக "இலெம்" மட்டுமே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்கு வராமல் இருந்தது பிரெஞ்சு அல்ல. தமிழிலேயே அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

நம் தலைமுறையில் "பிடிச்சிருக்கா?" என்ற கேள்வி முறைப்படி கேட்கப்பட்டது பெண் பார்க்கும் அன்று ஒரே ஒரு தடவைதான். அதுவும் பிள்ளை வீட்டாரிடம். சொஜ்ஜி பஜ்ஜி கொண்டுவந்து வைத்துவிட்டு நமஸ்காரம் பண்ணிய பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட வீடுகள் குறைவு. பிறகு குடும்பம், குழந்தைகள், மாமியார், மாமனார். தனக்கு இன்னது பிடிக்கும் என்று சொல்வதே சுயநலம் போல ஆகிவிட்டது.

விட்டுக்கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. நம் வீடுகள் நின்றதே அதனால்தான். ஆனால், தனக்கு ஒன்று பிடிக்கும் என்று தெரிந்து, பிறருக்காக அதை விடுவதுதான் விட்டுக்கொடுத்தல். என்ன பிடிக்கும் என்பதே மறந்து போயிருந்தால் அங்கே விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

அடுத்த சனிக்கிழமை அந்த மாமி வந்தார். உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே, "ழெம் லா ப்லூயி" என்றார். எனக்கு மழை பிடிக்கும். பேத்திக்கு போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். "பாட்டி, உனக்கு மழை பிடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றாளாம் பேத்தி. அன்றிலிருந்து பெங்களூரில் மழை பெய்தால் மாமி அங்கே செய்தி அனுப்புகிறார். அங்கே பெய்தால் பேத்தி இங்கே படம் அனுப்புகிறாள்.

பதிலுக்குக் கேளுங்கள்

நம்முடையதைச் சொல்லிவிட்டால் போதாது. திருப்பிக் கேட்க வேண்டும். குழந்தையிடம் "கெஸ்க் த்யூ எம்?": உனக்கு என்ன பிடிக்கும்? பெரியவர்களிடம் "கெஸ்க் வூ ஸெமே?": உங்களுக்கு என்ன பிடிக்கும்? நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசம் நம்மைப் போலவே அவர்களிடமும் உண்டு. சம்பந்தி அம்மாளிடம் "வூ" என்றே தொடங்குங்கள். அவரே "த்யூ" என்று சொல்லலாம் என்று சொல்லும்வரை காத்திருங்கள். "வூ எமே" என்பது சேர்த்துச் சொல்லும்போது "வூ ஸெமே" ஆகிறது. நடுவில் ஓர் ஒலி தோன்றுவது நம் புணர்ச்சி விதி போலத்தான்.

அவர் சொன்னது உங்களுக்கும் பிடித்தால் "முவா ஓஸி": எனக்கும்தான். பிடிக்காததில் ஒத்துப்போனால் "முவா நோன் ப்ல்யூ": எனக்கும்தான் பிடிக்காது. தமிழில் "எனக்கும்" என்ற ஒன்றே இரண்டுக்கும் போதும். அவர்களுக்கு இரண்டு வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் "பா முவா": எனக்கு அப்படியில்லை. ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் அபிப்பிராய பேதம் அவர்களுக்கு ரசமான விஷயம்.

எங்கே கற்பது?

பெங்களூரில் வசந்த நகரில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. சென்னை, புதுச்சேரி, மும்பை, டில்லி முதலிய ஊர்களிலும் உண்டு. ஆரம்ப நிலைக்கு ஏ1 என்று பெயர். டெல்ஃப் என்ற பரீட்சையில் அந்த நிலைக்குக் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என நான்கு பகுதிகள். பகுதிக்கு 25 வீதம் 100 மதிப்பெண். தேறுவதற்கு 50 போதும்; ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. வாய்மொழித் தேர்வில் குடும்பத்தைப் பற்றியும் உங்கள் ரசனைகளைப் பற்றியும் கேட்பார்கள். இன்று நாம் படித்ததுதான். வயது வரம்பு மேலே கிடையாது. நான் 68 வயதில் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒன்பதாவது படிக்கும் பையன்.

பரீட்சை வேண்டாதவர்கள் பேரக் குழந்தையோடு ஒரு புத்தகத்தைச் சேர்ந்து படிக்கலாம். 1943-ல் வெளிவந்த செந்த்-எக்சுபெரியின் சிறுவர் நூலை வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் "குட்டி இளவரசன்" என்று நேராக பிரெஞ்சிலிருந்து தமிழாக்கியிருக்கிறார்கள். அங்கே குழந்தை பிரெஞ்சில் ஒரு பக்கம், இங்கே தாத்தா தமிழில் அதே பக்கம். இருவருக்கும் லாபம்.

வீட்டுப்பாடம்

முடிக்குமுன் உங்கள் எல்லோருக்கும் ஒரு சின்ன வேலை தருகிறேன். இன்று ராத்திரி ஒரு காகிதத்தில் உங்களுக்குப் பிடித்தவை மூன்று, பிடிக்காதவை மூன்று எழுதுங்கள். கணவருடையது, பிள்ளையுடையது வேண்டாம், உங்களுடையது. கணவன்மார்கள் தங்கள் காகிதத்தின் பின்பக்கத்தில், மனைவிக்குப் பிடித்தவை மூன்றை அவர்களைக் கேட்காமல் எழுதிப் பாருங்கள். பிறகு இரண்டு காகிதங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மதிப்பெண் நான் கேட்க மாட்டேன்.

அதன் பின் அந்த ஆறையும் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று உங்கள் பேரன் பேத்தியிடமே கேளுங்கள். ஆசிரியராக இருப்பது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். பிரெஞ்சு ஊரில் யாரும் இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். பெங்களூர்ப் பள்ளிகளில் மூன்றாவது மொழியாக பிரெஞ்சு படிக்கும் குழந்தை உங்கள் மாடியிலேயே ஒன்று இருக்கும்.

 கேள்விகள் இருந்தால் காபிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். காபி வேண்டுமா என்று கேட்டால் "எதுவானாலும் சரி" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், ஸில் வூ ப்லே.